நூற்றில் ஒன்று, யார் எண்ணினால்?

மகளுக்கு சீலியாக் நோய் என்று உறுதியானதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "இது எத்தனை பேருக்கு வரும்?" அந்த நோய் என்ன செய்யும், குழந்தை இனி என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அரிய வியாதி என்றால் ஒரு மாதிரி துக்கம் விசாரிக்கலாம், சகஜமானது என்றால் வேறு மாதிரி தைரியம் சொல்லலாம். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் பாதிப் பேர் போனில் திணறினார்கள்.

நாங்கள் இருப்பது டெல்லியை ஒட்டிய நொய்டாவில். இங்கே குழந்தைகள் குடல் மருத்துவர் கொடுத்த பதில், "நூற்றில் ஒன்று". கும்பகோணத்தில் இருக்கும் அம்மா சொன்னது, "நம்ம பக்கம் இப்படி ஒரு வியாதியைக் கேள்விப்பட்டதே இல்லையேடி." நியாயமாகப் பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க வேண்டும். தேடிப் படிக்கப் படிக்க, இரண்டுமே சரி என்று தெரிந்தது. எப்படி என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், கை கால் குச்சி, பின்புறத்தில் சதை வற்றி ஜட்டி நிற்காது. எந்நேரமும் சிணுங்கல். பல் முளைக்கிறது என்றார்கள், பூச்சி என்றார்கள், பூச்சி மருந்தும் கொடுத்தோம். ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து சிரப் மாதக்கணக்கில் போனது. எண் மட்டும் ஏறவே இல்லை. பிறகு போய்ப் பார்த்த வேறொரு மருத்துவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொட்டி எப்போதிலிருந்து சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு அந்தத் தாளில் இருந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அப்புறம் எண்டோஸ்கோபி, சிறுகுடலிலிருந்து ஒரு சிட்டிகைத் திசு, உறுதி.

நோய் இதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சில மரபணுக்களோடு பிறந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிக்கிறது. உணவிலிருந்து சத்தை இழுக்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன. முதலில் அடிபடுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதி, இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அங்கேதான். சிரப் வேலை செய்யாததன் காரணம் அது. கோதுமை அலர்ஜி என்று இங்கே பூங்காவில் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அலர்ஜி வேறு, இது வேறு. இது டைப் 1 சர்க்கரை நோயின் வகையறா, உடல் தன்னையே எதிர்க்கும் நோய். மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விட்டுவிட்டால் குடல் தானே ஆறிக்கொள்ளும்.

இப்போது அந்த நூற்றில் ஒன்றுக்கு வருகிறேன்.

எண்ணுவதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து, நோய் என்று பெயர் சூட்டப்பட்டவர்களை எண்ணலாம். அல்லது நல்லாத்தான் இருக்கிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் இரண்டு வேறு உலகத்து எண்கள். பின்லாந்தில் 1994இல் பள்ளிப் பிள்ளைகள் 3,654 பேரிடம் ரத்தம் எடுத்து வைத்திருந்தார்கள். எடுத்த சமயத்தில் அவர்களில் ஒருவருக்குக்கூட சீலியாக் என்று கண்டறியப்பட்டிருக்கவில்லை. பிற்பாடு அந்த ரத்தத்தைச் சோதித்து, வரச் சம்மதித்தவர்களுக்குக் குடலிலிருந்து திசு எடுத்தும் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள்: குறைந்தது 99 பேரில் ஒருவருக்கு நோய். ஆஸ்பத்திரிப் பதிவேட்டின்படி சுழியமாக இருந்த அதே கூட்டம்தான்.

பனிப்பாறை என்ற உவமையை இத்துறை மருத்துவர்கள் 1990களிலிருந்தே சொல்லி வருகிறார்கள், தண்ணீருக்கு மேலே தெரிவது கொஞ்சம் என்று. தேய்ந்துபோன உவமைதான். ஆனாலும் எண்களைப் பார்த்தால் அதைவிட்டால் வேறு வழியில்லை என்று படுகிறது. ஸ்வீடனில் 12 வயதுப் பிள்ளைகள் ஏழாயிரத்துச் சொச்சம் பேரைச் சோதித்தபோது கிட்டத்தட்ட 3 சதவீதம் பேருக்கு சீலியாக் இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அதுவரை தெரியாது. இத்தாலியில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடையே அண்மையில் செய்த சோதனையில் சுமார் 1.6 சதவீதம். அங்கும் பாதிக்கு மேல் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தவர்கள்.

உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வந்த ஒரு தொகுப்பில் இந்திய மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன்படி ரத்தத்தில் அறிகுறி தெரிபவர்கள் 1.4 சதவீதம், குடல் திசுவிலும் உறுதியானவர்கள் 0.7 சதவீதம். ஆச்சரியமாக, பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் கூடுதல்: பெரியவர்களில் 0.5, குழந்தைகளில் 0.9. எங்கள் மருத்துவர் சொன்ன நூற்றில் ஒன்று ஏறக்குறைய இந்த 0.9தான்.

சரி, பள்ளி வயது கிடக்கட்டும், என் மகள் மாதிரி நடை பழகும் வயதில் எத்தனை பேருக்கு? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பிறந்ததிலிருந்து பிள்ளைகளைப் பின்தொடர்வது. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் அதைச் செய்தார்கள். 1993 முதல் 2004 வரை பிறந்த குழந்தைகளின் மரபணுவைப் பிறந்தவுடனே பார்த்து வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் ரத்தம் எடுத்துக் கவனித்தார்கள். 2017இல் வெளியான கணக்கு: 5 வயதுக்குள் 1.6 சதவீதம், 10 வயதுக்குள் 2.8, 15 வயதுக்குள் 3.1. இந்த மூன்று எண்களையும் மெதுவாகப் படித்துப் பாருங்கள். பதினைந்து வயது வரை சேர்கிற மொத்தத்தில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பள்ளியில் சேர்க்கும் முன்பே. நான் படித்ததிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

மரபணு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிக்யூ2, டிக்யூ8 என்று இரண்டு வகை. இரண்டும் இல்லாதவர்களுக்கு இந்த நோய் வருவது அநேகமாக இல்லை. ஆனால் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சுமக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. எத்தனை பிரதி என்பதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து, ஜெர்மனி நான்கு நாடுகளிலும் ஆபத்தான மரபணு உள்ள 6,403 குழந்தைகளைப் பின்தொடர்ந்த டெடி என்ற ஆய்வில், டிக்யூ2 வகையை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளில் 11 சதவீதம் பேருக்கு 5 வயதுக்குள் நோய் வந்துவிட்டது. ஒன்பதில் ஒரு குழந்தை!

இந்த நோய் சின்னக் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1888லேயே இதை எழுதிவைத்திருக்கிறார், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் அதிகம் வருகிறது என்று. குணமாக வழியிருந்தால் அது சாப்பாட்டில்தான் இருக்கும் என்பதையும் ஊகித்தார். ஆனால் எந்தச் சாப்பாடு என்று தெரியாமல், ஒரு குழந்தைக்குத் தினமும் சிப்பி கொடுத்துத் தேற்றிய கதையும் உண்டு. கோதுமைதான் காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்க. 1930களிலேயே அவருக்குச் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் நாடே பட்டினி கிடந்தபோது, ரொட்டி கிடைக்காத அவருடைய நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள், மறுபடி ரொட்டி வந்ததும் படுத்தார்கள். 1950இல் இதை ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன்பு இந்தக் குழந்தைகளில் கணிசமானோர் செத்தே போனார்கள். எலும்பும் தோலுமாக வருகிறவர்கள்தான் அப்போது கணக்கில் ஏறினார்கள். அப்படி எண்ணினால் எந்த நோயும் அரிய நோய்தான்.

ஸ்வீடன் கதைக்கு வருகிறேன், அதைச் சொல்லத்தான் கை துறுதுறுக்கிறது. 1980களின் நடுவில் அங்கே இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளிடையே சீலியாக் திடீரென்று நான்கு மடங்காகப் பெருகியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஐம்பது அறுபதாக இருந்தது, இருநூறைத் தாண்டியது. தொற்று நோய் இல்லை, ஆனாலும் கொள்ளைநோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1995க்குப் பிறகு அதே வேகத்தில் பழைய அளவுக்கு இறங்கியது. ஒரே நாடு, ஒரே மக்கள், பத்தே வருடத்தில் மரபணு மாறாது. அப்படியானால் மாறியது என்ன?

உமேயோ பல்கலைக்கழகத்தின் அன்னெலி ஈவர்சனும் அவருடைய சகாக்களும் தோண்டினார்கள். 1982இல் ஸ்வீடனில் ஒரு பரிந்துரை வந்திருந்தது: கோதுமை உணவை நாலு மாதத்தில் தொடங்க வேண்டாம், ஆறு மாதம் வரை தள்ளிப்போடுங்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். விளைவு, பல குழந்தைகளுக்குத் தாய்ப்பால் நின்ற பிறகு கோதுமை தொடங்கியது. அதே காலத்தில், வெல்லிங் என்று அந்த ஊரில் பாட்டிலில் ஊட்டும் தானியப் பால் கஞ்சியில் கோதுமையின் அளவும் கூடியிருந்தது. ஆக, திடீரென்று ஒருநாள், நிறைய கோதுமை, தாய்ப்பால் துணை இல்லாமல். இந்த மூன்றும் சேர்ந்துதான் காரணம் என்று ஊகித்தார்கள். கஞ்சியில் கோதுமை குறைந்தது, 1996இல் பரிந்துரையும் மாறியது, தாய்ப்பால் கொடுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள் என்று.

இதை முதலில் படித்தபோது, ஆகா, விடை கிடைத்துவிட்டது என்று தோன்றும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே கொஞ்சமாகக் கோதுமையைப் பழக்கினால் தடுத்துவிடலாம்! ஐரோப்பாவில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, இரண்டும் 2014இல் ஒரே இதழில் வந்தன. ஒன்றில், குடும்பத்தில் நோய் உள்ள 944 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நாலு மாதத்திலிருந்து துளித்துளியாகக் குளூட்டன் கொடுத்தார்கள், மறு பாதிக்குப் போலித் தூள். மூன்று வயதில் வித்தியாசமே இல்லை. இரண்டாவது இத்தாலியில், இதே மாதிரி குடும்பத்தில் நோய் உள்ள குழந்தைகளிடம் நடந்தது. ஆறு மாதத்தில் கோதுமை தொடங்கிய குழந்தைகள், ஒரு வயதில் தொடங்கிய குழந்தைகள் என்று பிரித்தார்கள். இரண்டு வயதில் முதல் கூட்டத்தில் 12 சதவீதம், இரண்டாவது கூட்டத்தில் 5 சதவீதம். தள்ளிப்போடுவதே நல்லது என்று முடிவு கட்டியிருப்பார்கள். ஐந்து வயதில் மறுபடி பார்த்தால் இரண்டும் 16. தள்ளிப்போட்டதால் நோய் தள்ளிப்போனது, அவ்வளவே. தாய்ப்பாலும் காப்பாற்றவில்லை. தாய்ப்பால் ஒழுங்காகக் கொடுக்கவில்லையா என்று என்னிடம் கேட்ட பெரியம்மாவுக்கு இந்த ஆய்வை மொழிபெயர்த்து அனுப்பலாமா என்று யோசித்தேன், குடும்ப சமாதானம் கருதி விட்டுவிட்டேன்.

அப்படியானால் ஸ்வீடனில் மாறியது என்ன? அளவாக இருக்கலாம். டெடி ஆய்வின் 2019 முடிவு, முதல் ஐந்து வருடங்களில் அதிகக் குளூட்டன் சாப்பிட்ட குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்று காட்டியது. ஆனால் இங்கிலாந்தில் நாலு மாதத்திலிருந்தே நிறையக் கோதுமை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் மூன்று வயதில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நோய் இல்லை, வழக்கம்போல் வளர்ந்த கூட்டத்தில் 1.4 சதவீதம். ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பியக் குழந்தைகள் குடல் மருத்துவர் சங்கம் இப்போது சொல்வது, நாலு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் தொடங்குங்கள், ஆரம்பத்தில் அள்ளிக் கொடுக்காதீர்கள் என்பதுதான். ஸ்வீடனிலேயே, கொள்ளைநோய்க் காலத்தில் 1993இல் பிறந்தவர்களையும் அது அடங்கிய பிறகு 1997இல் பிறந்தவர்களையும் 12 வயதில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னவர்களில் 2.9 சதவீதம், பின்னவர்களில் 2.2. குறைந்தது உண்மை. ஆனால் நான்கில் ஒரு பங்காக அல்ல. குழந்தைப் பருவத்தில் தப்பித்ததாகத் தெரிந்தவர்களில் பலர் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது அம்மாவின் கேள்வி. நம்ம பக்கம் ஏன் இல்லை?

வட இந்தியாவில் இந்த நோய் சகஜம். லூதியானாவில் பள்ளிப் பிள்ளைகள் 4,347 பேரைப் பார்த்து 2006இல் வந்த ஆய்வு 310 பேரில் ஒருவருக்கு என்றது. அவர்கள் முதலில் அறிகுறி கேட்டு, சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டுமே ரத்தம் எடுத்தார்கள், அதனால் உண்மை எண் இதற்கும் மேலேதான் இருக்கும். டெல்லி வட்டாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியா குழுவினர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேரில் ஒருவர். ஐரோப்பாவுக்குச் சமம். நாங்கள் குடியிருக்கும் வளாகத்திலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இந்தக் குழந்தைகள் உண்டு என்று பிறகு தெரிந்தது. மக்காச்சோள மாவு எந்தக் கடையில் சுத்தமாகக் கிடைக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த வீட்டு பஞ்சாபி பாட்டிதான்.

2016இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய குடல் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். எல்லோரும் பெரியவர்கள், குழந்தைகள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் பேருக்கு வடக்கில் 8.53, வடகிழக்கில் 4.66, தெற்கில் 0.11. அதாவது நம் பக்கம் ஒன்பதாயிரம் பேரில் ஒருவர். வடக்குக்கும் தெற்குக்கும் எழுபது எண்பது மடங்கு வித்தியாசம். அம்மா கேள்விப்படாததில் வியப்பே இல்லை.

நம் உடம்புவாகு வேறு என்று சொல்லி முடித்துவிடலாமா? அதையும் பார்த்திருக்கிறார்கள். நோய்க்குத் தேவையான மரபணு வடக்கில் 38.1 சதவீதம் பேரிடம், தெற்கில் 36.4 சதவீதம் பேரிடம். ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. தட்டில்தான் வித்தியாசம்: சராசரியாக ஒரு நாளைக்கு வடக்கில் 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம்.

இத்தோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், அரிசிதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று. எனக்கும் அப்படி முடித்துவிட ஆசைதான். ஆனால் வடகிழக்கு எண் இடிக்கிறது. அங்கேயும் அரிசிதான், கோதுமை வெறும் 37 கிராம், நம்மைவிடப் பன்னிரண்டு கிராம் கூடுதல். மரபணு நம்மைவிடக் கொஞ்சம் குறைவு, 31.4 சதவீதம். ஆனால் நோய் நாற்பது மடங்கு. பன்னிரண்டு கிராம் என்பது பாதிச் சப்பாத்தி மாவுகூட இல்லை. ஆக அரிசிக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது. சின்ன வயதில் வரும் குடல் தொற்றுகளா, குடலில் வாழும் நுண்ணுயிரிகளா, வேறு மரபணுக்களா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சாப்பாடு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகின் மிகக் கடுமையான உதாரணம் சஹாரா பாலைவனத்தில் இருக்கிறது. மேற்கு சஹாராவிலிருந்து அகதிகளாக அல்ஜீரியா முகாம்களில் வாழும் சஹ்ராவி மக்களின் குழந்தைகள் 990 பேரைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். 5.6 சதவீதம், பதினெட்டில் ஒரு குழந்தை. எங்கும் இவ்வளவு பார்த்ததில்லை. அந்த மக்களின் பழைய உணவில் ஒட்டகப் பாலுக்குப் பெரிய இடம் உண்டு. பிறகு காலனி ஆட்சிக் காலத்திலும் முகாம் வாழ்க்கையிலும் கோதுமை மாவு அன்றாட உணவாகிவிட்டது. ஆபத்தான மரபணுவும் அவர்களிடம் அதிகம். இரண்டும் சந்தித்தன.

நம் தட்டும் சும்மா இல்லை. பாட்டி காலத்தில் கோதுமை என்றால் அல்வா, எப்போதாவது ரவா உப்புமா. இப்போது பிள்ளைக்குக் காலையில் பிஸ்கட், மாலையில் நூடுல்ஸ், இரவு தாத்தாவுக்குச் சர்க்கரை என்பதால் வீட்டுக்கே சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. இதனால் தமிழ்நாட்டில் நாளை சீலியாக் பெருகும் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. தெற்கில் குழந்தைகளிடையே வடக்கு அளவுக்குத் தேடியதில்லை, தேடாத இடத்து எண்ணை எடுத்துக்கொண்டு இங்கே இல்லவே இல்லை என்று சாதிக்க முடியாது என்பது மட்டும்தான் என் வாதம். ஊரில் இருக்கும் என் நாத்தனார் மகன் வளரவில்லை, ரத்தம் ஏறவில்லை என்று பல மருத்துவர்களிடம் போனார்கள். நான் நச்சரித்த பிறகுதான் டிடிஜி எடுத்தார்கள். அவனுக்கு அது இல்லை, வேறு காரணம். பரவாயில்லை, பார்த்தாயிற்று.

நம் ஊர் சமையலுக்கு இந்த நோயில் பெரிய அதிர்ஷ்டம் உண்டு. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகு, கம்பு, சாமை, தினை எதிலும் குளூட்டன் இல்லை. இங்கே வட இந்திய அம்மாக்கள் மூன்று வேளையும் ரொட்டிக்கு மாற்று தேடி அழும்போது நான் அரிசி ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். ஆனால் பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவும் மைதா கலந்தவை, டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு சிட்டிகைதானே என்பார்கள். சாம்பார், ரசம், வத்தல் குழம்பு, வெண்பொங்கல் என்று எல்லாவற்றிலும் தினமும் ஒரு சிட்டிகை. அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்குகிறேன். உடம்பு சூட்டுக்கு என்று கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. சத்துமாவில் முழுக் கோதுமை வறுத்துச் சேர்ப்பார்கள், பாலில் கலக்கும் மால்ட் பவுடரில் பார்லி. மெலிந்த பிள்ளைக்குத் தெம்புக்காக நாம் தேடிக் கொடுப்பவையே இவை.

மாவு மில் இன்னொன்று. கோதுமை அரைத்த மிஷினில் அடுத்துக் கேழ்வரகைப் போட்டால் முதல் அரைக் கிலோ கலப்படம்தான். அதனால் கேழ்வரகை வீட்டிலேயே மிக்சியில் அரைக்கிறேன். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவு எவ்வளவு நுணுக்கமானது என்று யோசித்தால், ஒரே கரண்டியில் உப்புமாவையும் சாதத்தையும் பரிமாறாதே என்று நான் கத்துவது கொஞ்சமாவது நியாயமாகப் படும். அம்மா ஊரிலிருந்து வந்தபோது, "அரை பிஸ்கட் தின்னா குடியா முழுகிடும்? உன்னை எல்லாம் நான் இப்படியா வளர்த்தேன்?" என்றாள். மகளின் ஹீமோகுளோபின் தாள்களை, முன்னும் பின்னும், தேதி வாரியாக எடுத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தாள். மறுநாள் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாக் குழந்தைகளையும் சோதித்துவிட்டால் என்ன? இத்தாலி அந்த முடிவுக்கு வந்துவிட்டது. 2023இல் 130ஆம் எண் சட்டம் போட்டு, 1 முதல் 17 வயது வரை சீலியாக்குக்கும் டைப் 1 சர்க்கரைக்கும் நாடு தழுவிய சோதனை என்று அறிவித்தார்கள். உலகில் இதுதான் முதல். முன்னோட்டமாக நான்கு மாநிலங்களில் 2, 6, 10 வயதுகளில் பார்த்தார்கள். அமெரிக்க நிபுணர் குழு இதற்கு மாறாக 2017இல், அறிகுறி இல்லாதவர்களைச் சோதிப்பதால் நன்மையா என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இத்தாலியின் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஆனால் ஒன்பதாயிரத்தில் ஒருவர் என்று எண் சொல்லும் தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் ஊசி குத்தச் சொல்ல மாட்டேன். வளர்ச்சி நின்ற, இரும்புச்சத்து கொடுத்தும் ரத்தம் ஏறாத, நாள்பட்ட வயிற்றுப்போக்கோ தீராத மலச்சிக்கலோ உள்ள குழந்தை, டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தை, டவுன் சிண்ட்ரோம் குழந்தை, குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள குழந்தை, இவர்களுக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்கும்போது இரண்டு விஷயம். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் இருக்கும் எதிரணுக்கள் இறங்கி, இருக்கும் நோயும் இல்லை என்று வரும். இங்கே பல வீடுகளில், ஆன்லைனில் படித்துவிட்டு ரொட்டியை நிறுத்தி, குழந்தை தேறிய பிறகு மருத்துவரிடம் போகிறார்கள், அவர் மறுபடி வாரக்கணக்கில் ரொட்டி கொடுத்துவிட்டு வரச் சொல்கிறார். தேறிய பிள்ளைக்குத் தெரிந்தே கொடுப்பது எந்த அம்மாவாலும் முடிகிற காரியமா? இரண்டாவது, டிடிஜியோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு அந்த எதிர்ப்புப் புரதமே பிறவியில் குறைவாக இருக்கும், அவர்களுக்கு டிடிஜி பொய்யாக நார்மல் காட்டும்.

கூடப்பிறந்தவர்களுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 9 சதவீதம். அதனால் பெரியவனுக்கும் பார்த்தோம், எனக்கும் என் கணவருக்கும் பார்த்தோம். மூவருக்கும் நெகட்டிவ். மரபணுச் சோதனையில் பெரியவனுக்கும் டிக்யூ2 இருக்கிறது, ஒரு பிரதி. இன்றைக்கு நெகட்டிவ் என்பது இன்றைக்கு மட்டும்தான் என்றார் மருத்துவர், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும், அறிகுறி தெரிந்தால் உடனே. அவனோ ஊசி என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற ரகம். அடுத்த முறைக்கு இப்போதே பேரம் ஆரம்பித்துவிட்டான்: ரத்தம் கொடுத்தால் தங்கச்சி இல்லாத இடத்தில் வைத்து ஒரு பரோட்டா.